மருந்தடித்த வீடு

செங்கற்பட்டு
8-8-1976

வச்சலாவுக்கு,

நீ ஏறிப் போன பஸ் மகாபலிபுரம் போய்ச் சேர்ந்ததா, நடுவழியில் டயர் வெடித்து நின்றதா என்றுகூட எனக்குத் தெரியாது. தேவனேரியிலிருந்து ஒரு வரி இல்லை. ஆடிக்குப் பெண்கள் பிறந்த வீடு போவது உண்டுதான். அது கல்யாணமான வருஷத்தோடு சரி. நமக்கு ஆறு வருஷம் ஓடிவிட்டது. வீட்டுக்காரம்மா பெருந்தேவி மாமி தினமும் கிணற்றடியில் வழிமறித்து, "ஆத்துக்காரி எப்போ வரா?" என்று கேட்கிறார். ஆடி முடியட்டும் மாமி என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆடி முடிந்த பிறகு என்ன சொல்வது என்று நீதான் எழுத வேண்டும்.

வீட்டுக்கு மருந்தடித்ததுதானே உன் கோபம்? வேறு என்னவென்று எனக்குப் புரியவில்லை. நான் மலேரியா இன்ஸ்பெக்டர். ஊரார் வீட்டுச் சுவருக்கெல்லாம் டி.டி.டி. அடிக்க வைத்துவிட்டு என் வீட்டை மட்டும் விட்டால் யார் மதிப்பார்கள்? படாளத்தில் ஒரு அம்மாள், "மொதல்ல உன் வூட்ல அட்ச்சிட்டு வா சார்" என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கதவைச் சாத்தினாள். அதனால்தான் ராமதாஸைப் பம்போடு வரச் சொன்னேன். நீ துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில் அடித்து முடித்துவிட்டால் உனக்குத் தொந்தரவு இருக்காது என்று நினைத்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் குளவி கட்டியிருந்த மண் கூட்டை அவன் சுரண்டி எடுத்ததும் வேலையில் சேர்ந்ததுதான். சுவர் சுத்தமாக இருந்தால்தான் மருந்து பிடிக்கும். ஒரு குளவிக் கூட்டுக்காக ஒருத்தி நாள் கணக்கில் பேசாமல் இருந்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள் என்று எனக்கு ட்ரெயினிங்கில் சொல்லித் தரவில்லை.

ஒரு நல்ல செய்தி. நீ வாந்தியும் உடம்புச் சூடுமாக இருந்தபோது உன் விரலில் குத்தி எடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட் வந்துவிட்டது. மலேரியா இல்லை. என் வீட்டு ஸ்லைடு என்பதால் லேபில் மறுபடியும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். இல்லவே இல்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா.

வீடு படு சுத்தமாக இருக்கிறது. மூலையில் ஒட்டடை கிடையாது, சிலந்தி கிடையாது. பல்லிகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. முறத்தில் வாரிக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினேன். முன்பெல்லாம் நான் ஏதாவது சொன்னால் உத்தரத்திலிருந்து ஒரு பல்லியாவது ஆமாம் போடும். இப்போது என் பேச்சுக்கு ஆமாம் சொல்ல வீட்டில் எதுவும் இல்லை.

வா. வராவிட்டால் ஏன் வரவில்லை என்றாவது எழுது.

நீலமேகம்

*

தேவனேரி
14-8-1976

மாமாவுக்கு,

கார்டில் எழுதுகிறேன். தபால்பெட்டியில் போடப்போகும் சடையன் அண்ணன் எழுத்துக்கூட்டிப் படிப்பான். அங்கே போஸ்ட்மேன் படிப்பார். அதனால் நாலு பேர் படிக்கக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

பஸ் வழியில் நிற்கவில்லை. அம்மா சௌக்கியம். மீன்பாடு சுமார். நான் வருவது இப்போதைக்கு இல்லை.

பூனை என்ன ஆயிற்று? அது சுவரில் உரசும், பிறகு உடம்பை நக்கும். மருந்தெல்லாம் அதன் வயிற்றுக்குத்தானே போகும். அதை யாராவது யோசித்தீர்களா?

ரிசல்ட் வந்ததற்குச் சந்தோஷம். மலேரியா இல்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

வச்சலா

*

செங்கற்பட்டு
5-9-1976

வச்சலாவுக்கு,

ஆவணியும் பாதி போய்விட்டது. ஆதியம்மாள் அத்தைக்கு முழங்கால் வலி, அதனால்தான் நீ தங்கிவிட்டாய் என்று பெருந்தேவி மாமியிடம் சொல்லிவிட்டேன். அத்தை என்னை மன்னிக்கட்டும். மாமி நம்பவில்லை. ஒரு தைலத்தின் பேர் சொன்னார்.

பூனை சாகவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். மருந்தடித்த மறுநாளிலிருந்து வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. மதில் மேல் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. மதில் மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாது என்பார்கள். இது எந்தப் பக்கமும் குதிக்கிற வழியாகத் தெரியவில்லை. பால் ஊற்றி வைத்தால் காக்கா குடித்துவிட்டுப் போகிறது.

அன்றைக்கே தெரியும் என்று எழுதியிருந்தாய். எப்படித் தெரியும்? ரத்தத்தைப் பார்க்காமல் எனக்கே தெரியாது. டாக்டருக்கே தெரியாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறேன்.

வீடு படு சுத்தம் என்று எழுதினேன் அல்லவா, என் வாய்முகூர்த்தம். செத்துத் தொலைய வேண்டிய மூட்டைப்பூச்சி வெறி பிடித்ததுபோல் கட்டிலை விட்டு வெளியே வந்து, பட்டப்பகலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. கரப்பான்கள் சமையலறையில் மாநாடு நடத்துகின்றன. பிள்ளையார் எறும்பு அரிசிப் பானைப் பக்கம் போய்க்கொண்டிருந்த பழைய வழியை விட்டுவிட்டு என் தலையணை மேல் ரோடு போட்டிருக்கிறது. குளியலறையில் மரவட்டை. முருங்கை மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. தண்ணீர் அண்டாவுக்குப் பின்னால் ஒரு தேரை குடியிருக்கிறது. அதைக் காகிதத்தில் ஏந்திக் கொல்லையில் விட்டுவிட்டு வந்தால், நான் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கொஞ்சம் முறைக்கவும் செய்கிறது.

போதாததற்கு ஓட்டுக்கு நடுவில் ஏதோ ஓடுகிறது. "அது சாரை சார். எலிய தொரத்திகினு கீது" என்கிறான் ராமதாஸ். மாமி, "அணில்னா அது. பயப்படாதேள்" என்கிறார். கொசு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் மலேரியாக் கொசு, சமமாக உட்கார்ந்தால் வேறு கொசு என்று நான் திருப்போரூர் வரைக்கும் போய்ப் பாடம் நடத்தியவன். என் தலைக்கு மேல் ஓடுவதற்கு நாலு காலா, காலே இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பல்லிகள் போனதால் இவை வந்தனவா? நீ போனதால் வந்தனவா? இல்லை, எல்லாம் எப்போதும் இங்கேதான் இருந்து, நான்தான் பார்க்காமல் இருந்தேனா? உன்னோடு ஆறு வருஷம் இந்த வீட்டில் இருந்திருக்கிறேன். அந்தத் தேரையை இதற்கு முன் பார்த்ததாக ஞாபகமே இல்லை. நீ இருக்கும்போதும் அது இருந்ததா? அதை என்ன செய்வாய்?

மாமியிடம் குளவி விஷயத்தைச் சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "குளவிக் கூட்டைக் கலைப்பாளோ? அது கட்டினா ஆத்துல கொழந்தை உண்டாகும்னு சொல்லுவாளே" என்றார். ஊரில் அப்படிச் சொல்வது எனக்குத் தெரியாததா? நம் குப்பத்திலும் சொல்வதுதான். நீ அதை நம்பித்தான் போய் உட்கார்ந்திருக்கிறாய் என்றால் சொல். எந்த வீட்டிலிருந்தாவது ஒரு கூட்டை அலுங்காமல் பெயர்த்து வந்து அதே இடத்தில் ஒட்டி வைக்கச் சொல்கிறேன். வந்துவிடு.

நீலமேகம்

*

தேவனேரி
14-9-1976

மாமாவுக்கு,

இன்லண்டு வாங்கி வரச் சொன்னேன். இதை ஒட்டிவிட்டால் நீங்கள் பிரிக்கும் வரை யாரும் பார்க்க முடியாது.

கூட்டைப் பெயர்த்து வந்து ஒட்டுகிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் உங்கள் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எழுந்தேன். தேரையைப் பற்றி எழுதியிருந்ததால் போடவில்லை. ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை. நான் உண்டாகியிருந்தேன்.

உங்களிடம் சொல்லவில்லை. நிச்சயமாகட்டும் என்று இருந்தேன். மூன்றாம் வருஷம் அவசரப்பட்டுச் சொல்லி, நீங்கள் உங்கள் ஆபீஸுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்து, பிறகு ஒன்றுமில்லை என்று ஆனபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இந்தத் தடவை வயிறு தெரியும் வரை வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அந்த மாதம்தான் குளவி மண் சுமந்து வர ஆரம்பித்தது. நான் சாமி படத்துக்குப் பூ வைக்கும்போது என் காதோரமாகப் பாடிக்கொண்டே போகும். அதற்கு மட்டும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் நீங்கள் வரும்போது கொல்லையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள். சைக்கிளில் மாட்டியிருந்த பையை எடுத்து வந்தீர்கள். "இன்னா பண்ணுது வச்சலா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரலை நீட்டச் சொல்லிக் குத்தினீர்கள். கண்ணாடியில் தடவினீர்கள். கசப்பு மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துவிட்டு, நான் விழுங்கும் வரை எதிரிலேயே நின்றீர்கள். வாயைத் திறந்து காட்டு என்றீர்கள். ஊரில் பொம்பளைகள் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு கொல்லையில் போய்த் துப்புவார்கள் என்று நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். எனக்கும் துப்பத் தெரியும். உங்கள் முகத்தில் அவ்வளவு பயம் இருந்தது. அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் விழுங்கினேன்.

மறுநாள் துணியை அலசிக்கொண்டு வருகிறேன், வீடெல்லாம் வெள்ளை வெள்ளையாக வழிகிறது. கூடு இருந்த இடத்தில் ஒரு கீறல். ராமதாஸ், "பூச்சி தொல்ல இனிமே இல்ல அண்ணி" என்று சிரித்தான். அந்த வாரத்திலேயே எல்லாம் போய்விட்டது. வயிற்று வலி என்றேன். மாத்திரைச் சூடு, மோர் குடி என்றீர்கள். குடித்தேன்.

உங்கள் மேல் கோபமா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். எதற்காக என்று கேட்டால்தான் தடுமாறுகிறது. அம்மா, குளவிக் கூட்டைக் கலைத்த பாவம் என்கிறாள். சடையன், "செவுரெல்லாம் வெசத்த அட்ச்சா வயித்துல எது தங்கும்" என்கிறான். மகாபலிபுரத்து நர்ஸ் சந்திரம்மாவிடம் காட்டினேன். அவர், "மொத ரெண்டு மாசத்துல எத்தினியோ பேருக்கு இப்படி ஆவுது. மாத்திரையும் இல்ல, மருந்தும் இல்ல, குளவியும் இல்ல. ஒடம்பு தானா வுட்டுடுச்சி. அத்தையே நெனச்சிகினு இருக்காத" என்றார். காலையில் அம்மா சொல்வது சரியென்று படுகிறது, மத்தியானம் நர்ஸ் சொல்வது. விளக்கு வைத்த பிறகு எல்லாம் பொய்யாகத் தெரிகிறது. ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அதன் மேல் கோபித்துக்கொண்டு உங்களிடம் வந்துவிடுவேன் என்று தோன்றுகிறது. கிடைக்க மாட்டேன் என்கிறது.

தேரை முன்பிருந்தே அங்கேதான் இருக்கிறது. அதை நான் ஒன்றும் செய்வதில்லை. அதன் மேல் சுடுதண்ணீர் படாமல் கொஞ்சம் திரும்பி நின்று குளிப்பேன், அவ்வளவுதான்.

வச்சலா

*

செங்கற்பட்டு
20-9-1976

வச்சலா,

எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், தெரிந்த டாக்டரிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். அந்த மாத்திரையால் அப்படி ஆகாது என்றார். நிச்சயமாகவா என்றேன். இந்த மாதிரி விஷயத்தில் நிச்சயம் கேட்காதே நீலமேகம் என்றார். யாருக்கோ கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மாத்திரை ஒன்றும் செய்யாது என்று நம்பினால் எனக்கு நிம்மதி. ஆனால் மாத்திரை ஏதாவது செய்யும் என்று நம்பித்தானே நான் சம்பளம் வாங்குகிறேன்.

வாந்தி, உடம்புச் சூடு, சோர்வு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் கை தானாகப் பைக்குள் போய்விடுகிறது. வேறு எதுவாக இருக்கும் என்று எந்த ஆம்பிள்ளைக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. உனக்கு மலேரியா வந்து நீ போய்விடுவாயோ என்றுதான் பயந்தேன். நீ பார்த்த பயம் அதுதான்.

இருந்ததே தெரியாத ஒன்றுக்காக எப்படி அழுவது என்று புரியவில்லை. ஆனாலும் அழுதேன். மாமி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னாச்சு?" என்று குரல் கொடுத்தார். தேள் கொட்டிவிட்டது என்று சொன்னேன். பாவம், வெங்காயம் நறுக்கி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன்.

நீலமேகம்

*

தேவனேரி
4-10-1976

மாமாவுக்கு,

நீங்கள் வந்ததும் தெரியும், போனதும் தெரியும். சைக்கிள் மணி கேட்கும்போதே நான் கீற்றுத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். அம்மா, "இன்னாத்துக்கு வந்த நைனா? இன்னும் யார் ரத்தம் எடுக்கணும்?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. நீங்கள் ஏதாவது பதில் சொல்வீர்கள் என்று பார்த்தேன். கவிழ்த்து வைத்திருந்த கட்டுமரத்தின் மேல் முருங்கைக்காய்க் கட்டை வைத்துவிட்டு, கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டீர்கள். அவ்வளவு தூரம் வெயிலில் மிதித்து வந்தது இதற்குத்தானா?

நான் வெளியே வருவேன் என்று நின்றீர்களா, வரமாட்டேன் என்று போனீர்களா? சரி, நான் ஏன் வெளியே வரவில்லை? கால் இரண்டும் மணலில் புதைந்த மாதிரி நின்றுவிட்டது. நீங்கள் சவுக்குத் தோப்பைத் தாண்டின பிறகு ரோடு வரைக்கும் ஓடினேன். யாரும் இல்லை. சடையன் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து, "இன்னாம்மே, ஆட்டுக்குட்டி ஓடிப்பூட்ச்சா?" என்றான். ஆமாம் என்றேன். நம்மிடம் ஆடே கிடையாது.

முருங்கைக்காயைக் கருவாட்டுக் குழம்பில் போட்டோம். விரட்டின அம்மாதான் அதிகம் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அரசன நம்பி புருசன வுட்டவ கதையா, நீ ஒரு குளவிய நம்பி வுட்டுட்டு வந்து குந்திகினு கீறியே" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். காலையில் உங்கள் மேல் பாய்ந்தவள் சாயங்காலம் என் மேல் பாய்கிறாள். இந்த வீட்டில் யார் யார் பக்கம் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் வீட்டைப்போல இங்கேயும் உயிர்களுக்குக் குறைவில்லை. நண்டு வாசல் வரைக்கும் வளை தோண்டுகிறது. அம்மா துடைப்பத்தால் மூடுகிறாள். அவள் உள்ளே திரும்பினதும் பக்கத்தில் இன்னொன்று தோண்டுகிறது. கருவாட்டுக்காக ஒரு பூனை, அந்தப் பூனைக்காக ஒரு நாய், இரண்டையும் ஏமாற்றக் காக்கா. கூரையில் ஓணான் ஒன்று எதற்கென்று தெரியாமல் நாள் முழுக்கத் தலையாட்டுகிறது. கரையோரம் காலிச் சங்குக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு நடக்கிற சின்ன நண்டுகளை உங்களுக்கும் தெரியும். அதில் ஒன்று நேற்று என் பாயில் ஏறிவிட்டது. வேறொருத்தர் வீட்டில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு அது தடுமாறுவதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அம்மா, "இவளுக்கு இன்னா ஆச்சோ" என்று முண்டகக்கண்ணி அம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள்.

என் அம்மா வீடு இப்போது என் வீடாகத் தெரியவில்லை. செங்கற்பட்டு வீட்டை நினைத்தால் வெள்ளைச் சுவர்தான் கண்ணில் வருகிறது. நான் எங்கே இருக்கவேண்டியவள் என்று நீங்களே சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்னால் செய்துவிடுவேன், பிறகு அதற்கும் கோபம் வரும்.

பூனை இறங்கியதா? ஓட்டில் ஓடுவது எது என்று தெரிந்ததா? அழைத்துப்போக வரவேண்டாம், ஆளும் அனுப்ப வேண்டாம். எழுதினால் படிக்கிறேன்.

வச்சலா

*

செங்கற்பட்டு
28-10-1976

வச்சலாவுக்கு,

தீபாவளி போன வாரம் வந்து போனது. மாமி ஒரு கிண்ணத்தில் லேகியம் கொடுத்தார். முழங்கால் வலி இன்னும் தீரவில்லையா என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு ஏன் திரும்பினேன் என்று கேட்டிருந்தாய். கீற்றுக்குக் கீழே உன் பாதம் தெரிந்தது. அது அசையவில்லை. கூப்பிட்டால் பயந்துவிடுவாய் என்று தோன்றியது. ரோடு ஏறின பிறகு, கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாய் என்று தோன்றியது. திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை இப்படியும் அப்படியுமாக நினைத்துக்கொண்டே மிதித்தேன்.

அதற்குப் பிறகு எனக்கே காய்ச்சல். மழையில் நனைந்ததுதான். பழக்க தோஷம், என் விரலை நானே குத்திக்கொண்டேன். இடது கையால் வலது கையைக் குத்தியதில் ஊசி எலும்பு வரைக்கும் போனதுபோல் வலித்தது. இத்தனை வருஷத்தில் இது வலிக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. மலேரியா இல்லை என்றுதான் வந்தது. ஆனால் அந்த நாட்களில் வீட்டோடு கிடந்தேன். கதவு சாத்துவாரில்லாமல் திறந்தே கிடந்தது.

எழுந்து நடமாடத் தொடங்கிய அன்று, வேலைக்குப் போகலாம் என்று வாசல் கதவில் சாவியை நுழைத்தேன். போகவில்லை. குனிந்து பார்த்தால், கதவில் பதித்திருக்கும் அந்தப் பழைய பூட்டின் ஓட்டை மண்ணால் மூடியிருக்கிறது. ஈர மண். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குளவி வந்து, வாயில் வைத்திருந்த மண்ணை அப்பிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு பக்கத்தில் இருந்த இன்னொரு சந்துக்குள் பச்சைப் புழு ஒன்றை இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்தேன். அந்தக் கதவுக்கும் ராமதாஸ் மருந்தடித்திருக்கிறான். மருந்தின் வீரியம் தீர்ந்துவிட்டதா, குளவிக்கு அது தெரியாதா, தெரிந்தும் வந்ததா, என் படிப்பில் இதற்கு விடை இல்லை.

ராமதாஸ் வந்து பார்த்துவிட்டு, "குச்சிய வுட்டு ஒரு நோண்டு நோண்டுனா பூடும் சார்" என்றான். கையில் ஈர்க்குச்சிகூட ஒடித்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்தேன். "இருக்கட்டும்பா" என்றேன். இப்போது கதவைக் கொல்லைக் கொடிக்கயிற்றால் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். திருடன் வந்தால் மூட்டைப்பூச்சியைத்தான் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

அடுத்த சுற்று மருந்தடிப்பு வந்துவிட்டது. நேற்று நம் தெரு முறை. அடித்த வீட்டுச் சுவரில் தேதி எழுதுவோம், அடிக்க விடாத வீட்டில் 'மறுப்பு' என்று எழுதுவோம். அந்த வார்த்தையை எழுதின வீடுகளுக்குப் போய் நான் எவ்வளவு பிரசங்கம் செய்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற ராமதாஸிடம் வேண்டாம் என்றேன். "இன்னா சார், நீயே இப்படிச் சொன்னா நான் எப்படி மத்த வூட்டுக்குப் போவேன்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. "மறுப்புன்னு எழுதுப்பா" என்றேன். எழுதிவிட்டான். மேலே தெரிந்தால் மெமோ வரும்.

மருந்தடிப்பது தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. இந்த வருஷம் காய்ச்சல் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நாளைக்கும் ஊர் ஊராகப் போய் அடிக்கச் சொல்லத்தான் போகிறேன். இந்த ஒரு வீட்டில் மட்டும் ஏன் கூடாது என்று யாராவது கேட்டால் கையைப் பிசைவேன்.

கூடு வந்துவிட்டது, பிள்ளை வரும், நீ வா என்று இதை எழுதவில்லை. அப்படி எழுத எனக்கு உரிமை இல்லை. குளவி கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பதில் நம்பிக்கையும் இல்லை, நம்பாமல் இருக்கிற தைரியமும் போய்விட்டது. வீட்டில் நடந்ததைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

பூனை கொல்லைப் படி வரைக்கும் வந்துவிட்டது. ஓட்டில் ஓடுவது எது என்று இன்னும் தெரியவில்லை. தேரை பக்கம் நான் சுடுதண்ணீர் ஊற்றுவதில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உத்தரத்தில் ஒரு பல்லி சத்தம் கொடுத்தது. எந்த வரிக்குக் கொடுத்தது என்று கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

நீலமேகம்

*

தேவனேரி
2-11-1976

மாமாவுக்கு,

இதைக் கார்டிலேயே எழுதுகிறேன். சடையன் படிக்கட்டும், போஸ்ட்மேன் படிக்கட்டும். பெருந்தேவி மாமிக்கும் நீங்களே படித்துக் காட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். குளவிக்காக வரவில்லை. அது பிள்ளை கொண்டுவரும் என்று நினைத்தும் வரவில்லை. யார் மேல் குற்றம் என்று தெரிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பூட்ட முடியாத வீட்டில் ஒரு ஆள் இருக்கவேண்டும். எனக்கு அவ்வளவுதான் புரிகிறது.

இனிமேல் என் உடம்பு சுட்டால் முதலில் "இன்னா பண்ணுது வச்சலா" என்று கேளுங்கள். நான் சொல்லி முடித்த பிறகு ஊசியை எடுங்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரவேண்டாம், வேலைக்குப் போங்கள். கதவுக் கயிற்றில் முடிச்சுப் போடாதீர்கள். நீங்கள் போடும் முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருக்கும். சும்மா சுற்றி வைத்துவிட்டுப் போங்கள், நான் பார்த்துப் பிரித்துக்கொள்கிறேன்.

வச்சலா